ஊதாப் பசை

குளுவாங்
21 ஏப்ரல் 2025, திங்கள்

ஷாமளா டீச்சருக்கு,

முதலாம் ஆண்டு லோஷினியின் பெரியம்மா கிருஷ்ணம்மா எழுதுவது. வெள்ளிக்கிழமை பள்ளி கேட்டில் உங்களோடு கத்தினேனே, அந்தப் பொம்பளைதான். மறந்திருக்க மாட்டீர்கள். கேட்டைத் திறந்து மூடுகிற ஜாகா அண்ணன்கூட மறக்கவில்லை, இன்று காலையில் என்னைப் பார்த்து ஒரு பக்கமாக ஒதுங்கினார்.

நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். தாளில் பிசுக்கு இருக்கும். பாசாரில் தேங்காய் துருவி, சந்தான் என்று தேங்காய்ப்பால் பிழிந்து விற்கிற கையில் வேறென்ன இருக்கும், சென்ட்டா இருக்கும்? போன் பண்ணலாம் என்றால் எடுக்க மாட்டீர்கள். வகுப்பு வாட்சாப் குரூப்பில் இருந்தும் என்னைத் தூக்கிவிட்டீர்கள். ஹெட்மாஸ்டர் மீசையைப் பற்றி ஒரே ஒரு குரல் செய்தி போட்டேன், அதற்கு இவ்வளவு பெரிய தண்டனை. "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்கம்மா" என்று கேட்டில் சொன்னீர்கள். இந்தாருங்கள், எழுத்தில்.

விஷயம் இதுதான். லோஷினி காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே வேனில் ஏறுகிறாள். மதியம் வேன்கார அர்ச்சுனன் பாசாரில் இறக்கிவிடும்போது சட்டைக் காலர் ஈரமாக இருக்கிறது. கடித்துச் சப்பியிருக்கிறாள். பென்சில் முனை முழுக்கப் பல் தடம். போன புதன்கிழமை பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய் நனைந்து வந்தாள். ஏன் என்று கேட்டால் "தமிழ்ப் பாடம்" என்று இரண்டு வார்த்தைதான் வருகிறது. கணக்குப் பாடத்தில் நனையவில்லை. உடற்பயிற்சியில் நனையவில்லை. உங்கள் பாடத்தில் மட்டும் அப்படி என்ன புலி வருகிறது டீச்சர்?

கிள்ளுகிறீர்களா? முறைக்கிறீர்களா? நான் வெளிப்படையாகக் கேட்கிறவள். பிள்ளையைப் பெற்றவள் என் கடைசித் தங்கச்சி வாசுகி. சிங்கப்பூர் ஃபேக்டரியில் வேலை, ஜொகூர் பாருவில் ஓர் அறை. சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் ஞாயிறு மதியம் திரும்பப் பஸ். மூன்று வயதில் இருந்து பிள்ளை என்னோடுதான். எனக்கு வேறு பிள்ளை இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இவளுக்கு ஒன்று என்றால் கத்துவதற்கு எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

கடிதத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி இவள் பையில் வைக்கிறேன். பதிலையும் பையிலேயே வையுங்கள்.

கிருஷ்ணம்மா


24 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய திருமதி கிருஷ்ணம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் எந்தப் பிள்ளையையும் கிள்ளியதில்லை. பதினோரு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எழுத்தில் பெறுவது இதுவே முதல் முறை.

நடப்பதை அப்படியே எழுதுகிறேன். தமிழ்ப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து இரண்டு வரி வாசிக்க வேண்டும். லோஷினியின் முறை நெருங்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். முகம் சிவந்து போகிறது. பெயரைக் கூப்பிட்டதும் மேசைக்குக் கீழே இறங்கிக் காதைப் பொத்திக்கொள்கிறாள். மூன்று முறை பாடநூலின் பக்கத்தைக் கிழித்திருக்கிறாள். பக்கத்தில் உட்காரும் மதிவாணன் உதவி செய்யப் போய் ஒருமுறை அடி வாங்கினான். மற்ற நேரங்களில் அவள் அமைதியான, சொன்னதைக் கேட்கும் பிள்ளை.

அவளுடைய வாசிப்பு இப்போது முதல் நிலையில் இருக்கிறது. அதாவது எழுத்துகளை அடையாளம் காண்பதோடு நிற்கிறது. ஜூன் மாத முடிவுக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் குறைநீக்கல் வகுப்புக்கு அவள் பெயரை நான் கொடுக்க வேண்டியிருக்கும்.

நானும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளை காரணமில்லாமல் இப்படிப் பதறாது. வாசிப்பைப் பற்றி வீட்டில் யாராவது பயமுறுத்துகிறார்களா? அவளுடைய வலது கையில் முழங்கை வரை கீறல்கள் இருக்கின்றன. சில பழையவை, சில புதியவை. அவை எப்படி வந்தன? இதைப் பள்ளி ஆலோசனை ஆசிரியரிடம் பதிவு செய்திருக்கிறேன். அது என் கடமை.

இப்படிக்கு,
ஷாமளா சிவசம்பு
வகுப்பாசிரியர்


28 ஏப்ரல் 2025

ஷாமளா டீச்சருக்கு,

கீறல் என்னுடையது இல்லை. என் நகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காய் ஓட்டில் தேய்ந்து நகம் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது. அது மீன்கடைச் சின்னத்தம்பி அண்ணன் வளர்க்கிற மஞ்சள் பூனையின் கைவேலை. நம்பிக்கை இல்லாவிட்டால் பாசாருக்கு வாருங்கள், பூனையிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். லோஷினி முன்பு அதற்கு மீன் தலையை ஊட்டி விடுகிறவள்தான். இந்த வருஷம் ஏனோ அதைக் கண்டால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். கடைப் பக்கம் வரவே விடுவதில்லை. எனக்கும் புரியவில்லை.

வீட்டில் யார் பயமுறுத்துவது? வீட்டில் இருப்பது நானும் அவளும் ஒரு பழைய டிவியும். நான் கேலி பண்ணுவேன், அது உண்மை. என் வாய் அப்படி. பாசாரில் போலீஸ்காரர் வந்தால்கூட "என்ன சார், தொப்பை புரமோஷன் வாங்கிருச்சா" என்று கேட்பேன். பிள்ளையையும் கேலி பண்ணுவேன், அவளும் திருப்பிக் கேலி பண்ணுவாள். அடித்ததில்லை.

இப்போது நான் கேட்கிற கேள்வி. உங்கள் கடிதத்தை யார் பிரித்துப் பார்த்தது? நீங்கள் உறையின் வாயில் செல்லோடேப் ஒட்டியிருந்தீர்கள். அதை யாரோ உரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். டேப்புக்கு அடியில் ஒரு தேங்காய்ப்பூ மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆசிரியர் அறையில் தேங்காய் துருவுகிறீர்களா? இல்லை, ஹெட்மாஸ்டர் கெண்டீனில் புட்டு சாப்பிட்டுக்கொண்டே என் விஷயத்தைப் படித்தாரா? பதிவு செய்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதினீர்கள். எத்தனை பேர் படித்துப் பதிவு செய்கிறீர்கள் என்று தெரிந்தால் நல்லது. வேன்கார அர்ச்சுனன் மேலும் எனக்கு ஒரு கண் இருக்கிறது. அவன் ஊர் விஷயத்தையே பஞ்சு மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறவன்.

கிருஷ்ணம்மா


6 மே 2025

திருமதி கிருஷ்ணம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதங்களை என்னைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. என் கடிதத்தை நான்தான் ஒட்டினேன், நான்தான் பையில் வைத்தேன். தேங்காய்ப்பூவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு உங்களுடைய இரண்டு உறைகளையும் எடுத்துப் பார்த்தேன். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியதாக எழுதியிருந்தீர்கள். காய்ந்த பருக்கை இருக்கிறது. அதற்கு மேல் ஊதா நிறப் பசை தடவி மறுபடியும் ஒட்டியிருக்கிறது. அந்த ஊதாப் பசை எங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் விற்பது. இன்று கைவினைப் பாடத்தில் பார்த்தேன், லோஷினியின் பசைக்குச்சி பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. இந்த ஆண்டு நாங்கள் இதுவரை ஒரே ஒரு முறைதான் ஒட்டு வேலை செய்திருக்கிறோம்.

இன்னொன்றும் நடந்தது. நேற்று வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தேன். பலகையில் "மீன் பூனைக்குப் பல் தேய்த்து விட்டது" என்று எழுதிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நின்றேன். மற்றப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். "மீ...ன்... பூ..." என்று அவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை சிரித்தது. லோஷினி. என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியும். வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். நம் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதும் அவள்தான்.

அப்படியானால் ஏன் தெரியாதது போல் இருக்கிறாள்? நேற்று மாலை அவளுடைய அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன். லோஷினிக்கு வாசிக்கத் தெரிந்ததும் அடுத்த ஆண்டு ஜொகூர் பாருவில் ஒரு பள்ளிக்கு மாற்றித் தம்மோடு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவதால் பிள்ளைக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் போக முடியும், மாடி வீட்டுக்காரர்கள் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள், சீட்டை வாசிக்கத் தெரிந்தால் தமக்குப் பயமில்லை என்றார். இதை நீங்கள் இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

கேட்பதற்கு மன்னிக்கவும். அவள் வாசிக்காமல் இருந்தால் யாரோடு இருப்பாள்? வாசிக்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னது நீங்களா?

ஷாமளா


7 மே 2025

டீச்சர்,

இல்லை.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையைப் படிக்காதே என்று சொல்கிறவள் என்றா என்னை நினைத்தீர்கள்? நாலாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். பஸ் நம்பர் பார்க்க இன்றைக்கும் இரண்டு தடவை கண்ணைச் சுருக்குகிறேன். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாதா?

நீங்கள் பெரிய படிப்புப் படித்தவர். உங்களுக்குப் பசைக்குச்சியை அளந்து பார்க்கத் தெரிகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மீனும் பூனையும் எழுதிப் பொறி வைக்கத் தெரிகிறது. என்னைப் பொறியில் மாட்ட முடியாது. பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லி ஹெட்மாஸ்டரிடம் வரப்போகிறேன். மீசையைப் பற்றி மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன்.

இதை நான்கு பக்கமும் நூலால் தைத்து அனுப்புகிறேன். பிரிக்கட்டும் பார்க்கலாம்.

கிருஷ்ணம்மா


20 மே 2025

கிருஷ்ணம்மா அக்காவுக்கு,

நீங்கள் தலைமையாசிரியரிடம் வரவில்லை. வருவீர்கள் என்று இரண்டு வாரமாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று நடந்ததை வேன்காரர் உங்களிடம் பாதியாகச் சொல்லியிருப்பார். முழுவதையும் நான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைப் பையில் வைக்காமல் அர்ச்சுனன் அண்ணனின் கையில் கொடுக்கிறேன்.

நேற்று மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார். லோஷினியைக் கூப்பிட வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அவர் பட்டியலைப் பார்த்து அவரே கூப்பிட்டுவிட்டார். அவள் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி வீசினாள். ஜன்னலில் பட்டது, கண்ணாடி உடையவில்லை. "தெரியாது, தெரியாது, எனக்குப் படிக்கத் தெரியாது" என்று கத்திக் கத்தி வாந்தி எடுத்துவிட்டாள். அவளை நோயாளர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நகம் பதிய என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அடங்கிய பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் பேசினாள்.

"டீச்சர், சந்தான் பிழியிற துணிய ரெண்டு பேர் புடிக்கணும்."

"அப்படியா? யார் புடிப்பீங்க?"

"நானும் பெரியம்மாவும். ஒரு பக்கம் விட்டா பால் எல்லாம் கொட்டிரும்."

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் படிக்கத் தெரிஞ்சா பூனை வந்துரும் டீச்சர்" என்றாள்.

"என்ன பூனை?"

"சின்னத்தம்பி மாமா பூனை. அதுக்கு என் பேரு."

அதற்குமேல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் புரியவில்லை, அக்கா. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். முன்பு கேட்ட கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. என்ன பூனை என்று மட்டும் எழுதுங்கள்.

ஷாமளா


22 மே 2025

ஷாமளா டீச்சருக்கு,

இதுவும் அர்ச்சுனன் கையில்தான் வருகிறது. அவனிடம், "நீ இதைப் படிச்சா உன் வேன் டயர் நாலும் நாளைக்குக் காத்து இல்லாம நிக்கும்" என்று சொல்லியிருக்கிறேன்.

பூனை என் வாயில் இருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசுகியைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்போது வீட்டில் ஒரு மாதிரி இருக்கும். பிள்ளை பேசாது. நானும் பேசாமல் இருந்தால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்று பயந்து வாயைத் திறப்பேன். திறந்தால் கேலிதான் வரும், எனக்கு வேறு ஒன்றும் வராது. வருஷ ஆரம்பத்தில் வாசுகி இவளிடம், "படிக்கக் கத்துக்கோ, அம்மா உன்ன அழச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று நான் சொன்னேன்: "போ போ, நல்லாப் படிச்சிட்டு ஓடிப் போ. நான் சின்னத்தம்பி பூனைய வாங்கி லோஷினின்னு பேரு வெச்சிக்கிறேன். உன் கட்டில்ல படுக்க வெச்சி உன் சோத்தையும் அதுக்கே போடுறேன். அது பேசாது, சண்டை போடாது, படிக்கவும் போவாது."

அவள் சிரித்தாள். அவள் சிரித்ததால் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொன்னேன். பூனைக்கு யூனிஃபார்ம் தைப்பேன், பூனையை வேனில் ஏற்றுவேன் என்று. நான்தான் கடைசி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை டீச்சர். அதைத்தான் நேற்றில் இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூனையைத் துடைப்பத்தால் அடித்து விரட்டி, கை முழுக்கக் கீறல் வாங்கியது எதற்கென்று இப்போது தெரிகிறது. அவள் இடத்துக்கு வந்துவிடும் என்று.

இன்னொன்று எழுத வேண்டும். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று தடவை பேனாவை மூடி வைத்தேன்.

மார்ச் மாதம், நோன்பு நேரம், கடையில் கூட்டம். புதுச் சாக்கு வந்து இறங்கியது. அதன் மேல் எழுதியிருந்ததை இவள் சத்தமாக வாசித்தாள். "பெரியம்மா, முற்றிய தேங்காய், அறுபது" என்று, திக்காமல், கடைக்காரி மாதிரி. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. நான் கேட்காத மாதிரி தேங்காய் துருவுகிற மிஷினைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவள் இன்னொரு தடவை வாசித்தாள். நான் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் என் முன்னால் எதையும் வாசித்ததில்லை.

நீங்களா சொன்னது என்று கேட்டீர்கள். இல்லை என்று எழுதினேன். வாயால் சொல்லவில்லை, அது நிஜம். வேறு எப்படியெல்லாம் சொன்னேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் நான் மறுபடியும் கேலியில் போய் விழுவேன். எழுதும்போதுதான் என் வாய் கொஞ்சம் அடங்குகிறது. அவள் நம் கடிதத்தைப் படிக்கிறவள்தானே. திங்கட்கிழமை ஒரு கடிதம் பையில் வரும். உங்கள் பெயரில் வரும், ஆனால் உங்களுக்கு இல்லை. ஒட்டாமல் வரும். நீங்கள் ஒன்றும் தெரியாத மாதிரி இருங்கள்.

சரியா தப்பா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இந்தத் தடவை நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கிருஷ்ணம்மா


23 மே 2025

அக்கா,

சரி. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். அவளுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட வேண்டாம். உண்மையில்லாத சமாதானமும் வேண்டாம்.

ஷாமளா


26 மே 2025

ஷாமளா டீச்சருக்கு,

நம் கடிதத்தை வழியில் ஓர் எலி படிக்கிறது. அதனால் இதை அந்த எலிக்கே எழுதுகிறேன்.

எலியே, பெரியம்மாவுக்குக் கோபம் இல்லை. நூல் போட்டுத் தைத்ததைக்கூடப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரி.

பூனை விஷயம். பெரியம்மா சொன்னது விளையாட்டு. ஆனால் நல்ல விளையாட்டு இல்லை. நீ சிரிக்காதபோது நான் நிறுத்தியிருக்க வேண்டும். உன் பேர் உனக்குத்தான். உன் கட்டிலும் உனக்குத்தான். எந்தப் பூனையும் அதில் படுக்காது.

சாக்கு விஷயம். நீ வாசித்தது எனக்குக் கேட்டது. முற்றிய தேங்காய், அறுபது. நான் கேட்காத மாதிரி இருந்தேன். அது பெரியம்மா செய்த தப்பு. நீ செய்த தப்பு ஒன்றும் இல்லை.

இப்போது விளையாட்டு இல்லாத விஷயம். நீ வாசித்தால் அடுத்த வருஷம் அம்மாவிடம் போவாய். அது நிஜம். நீ போனால் நான் அழுவேன். மூக்கு சிவந்து போகும். அப்புறம் முகம் கழுவிவிட்டு மிஷின் போடுவேன். நான் அழுதால் அதை நிறுத்துவது உன் வேலை இல்லை. அது பெரியவங்க வேலை.

துணி விஷயம். சுவரில் இரண்டு கொக்கி அடித்துவிட்டேன். ஒரு பக்கத்தைக் கொக்கி பிடிக்கும், ஒரு பக்கத்தை நான் பிடிப்பேன். பால் கொட்டாது. கொக்கிக்குப் பாட்டுப் பாடத் தெரியாது, அதுதான் குறை.

அம்மா வருகிற பஸ்ஸிலேயே நீயும் வரலாம். அது போகும், திரும்பியும் வரும்.

இதைப் படித்துவிட்டு டீச்சரிடம் கொடு. முடிந்தால் டீச்சருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. முடியாவிட்டால் நாளைக்கு. நாளைக்கும் முடியாவிட்டால் வேறு நாள்.

பெரியம்மா


28 மே 2025

கிருஷ்ணம்மா அக்காவுக்கு,

நாளை முதல் பள்ளி விடுமுறை. அதற்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அவள் கடிதத்தைத் தரவில்லை. செவ்வாய்க்கிழமையும் தரவில்லை. ஆனால் காலர் ஈரமாகவில்லை, அதைக் கவனித்தேன். இன்று ஓய்வு நேரத்தில் எல்லாரும் கெண்டீனுக்குப் போன பிறகு என் மேசைக்கு வந்து நின்றாள். கடிதம் நான்காக மடிந்து கையில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முகம் சிவந்திருந்தது. போத்தல் பறக்கப் போகிறது என்று உள்ளுக்குள் நினைத்தேன். "மேசைக்கு அடியில இருந்து வாசிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

வாசிக்கலாம் என்றேன். அவள் உள்ளே போனாள். நானும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். மறந்து வைத்த தண்ணீர்ப் போத்தலுக்காகத் திரும்பி வந்த மதிவாணன் எட்டிப் பார்த்து, "டீச்சர், எதத் தொலைச்சிட்டீங்க?" என்றான். அவனை வெளியே அனுப்பிவிட்டேன்.

அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். எழுத்துக் கூட்டவில்லை. எலி என்ற இடத்தில் சிரித்தாள். சாக்கு வந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடியும் அதே வரியை வாசித்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் விரலால் தாண்டிப் போனாள். தெரியாமல் தாண்டவில்லை. அந்த வரியின் மேல் விரல் நின்ற நேரத்தில் நான் இரண்டு பாடம் நடத்தியிருக்கலாம்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அவளைக் கிள்ளவில்லைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் எழுந்து நிற்கச் சொன்னேன். அவளுக்காக வகுப்பே காத்திருக்கும்படி வைத்தேன். பயந்த பிள்ளையை மேலும் பயமுறுத்த அதுவே போதும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தப்பை உங்களிடமே தேடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி யார் எங்கே உட்கார்ந்து வாசித்தாலும் வாசிப்புதான்.

குறைநீக்கல் வகுப்புப் பட்டியலில் பென்சிலால் எழுதியிருந்த அவள் பெயரை அழித்துவிட்டேன். அவளுடைய அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்வதுதான் முறை.

ஷாமளா


11 ஜூன் 2025

ஷாமளா டீச்சருக்கு,

உங்கள் கடிதம் திறக்காமலே வந்தது. செல்லோடேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், தேங்காய்ப்பூ இல்லை. சந்தேகப்பட்டே பழகிய கண் பாருங்கள், இல்லை என்றதும் ஏமாற்றமாக இருந்தது. அதனால் அவளிடமே கொடுத்து, "கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டேன், நீ படி" என்று பொய் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டேன். இரண்டு பேர் சந்தானுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மலாய்க்கார அம்மா, "அபா சூராட் நி?" என்று, என்ன கடிதம் என்று கேட்டார். காதல் கடிதம் என்றேன்.

அவள் முழுக்க வாசித்தாள். தாண்டின வரி எது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தபோது அவளே என்னைப் பார்த்து, "நீ அழுவேன்னு எழுதுனியே, அதான் பெரியம்மா" என்றாள். சரி என்று சொல்லி நிஜமாகவே அழுதேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மூக்கு சிவக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

வாசுகியிடம் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு, பஸ் நிறுத்தத்தில், லோஷினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். "உன் மகளுக்கு எல்லாம் படிக்கத் தெரியும். ஜனவரியில அழச்சிக்கிட்டுப் போ" என்றேன். வாசுகி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நெசமாவாக்கா? இதுல என்ன கேலி இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி நம்ப வைப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. என் வாய்க்கு அந்தப் பேர் இருக்கிறது, என்ன செய்வது. வீட்டுக்கு வரும் வழியில் பூனையைப் பற்றி நான் பேசவில்லை. வேறு பேச்சும் வரவில்லை. இரண்டு பேரும் சும்மா நடந்தோம். அது அவ்வளவு மோசமாக இல்லை.

இன்று காலையில் கடை திறக்கும்போது கொக்கிக்குப் பக்கத்தில், சுவரில், ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஒட்டியிருக்க வேண்டும். பெரிய பெரிய எழுத்தில் இருந்தது: "பெரியம்மா, பூனைக்கு மீன் தலை போடு. ஆனால் வேறு பேர் வை." நாலு மூலையிலும் ஊதாப் பசை. ஒரு பசைக்குச்சி முழுதையும் தீர்த்திருக்கிறாள், உரித்தால் சுவர்தான் வரும்.

அவள் சொன்னபடியே செய்துவிட்டேன். பூனைக்குப் பேர் வைத்தாகிவிட்டது. "ஷாமளா டீச்சர்" என்று கூப்பிட்டால் உடனே திரும்பி முறைக்கிறது. கோபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். லோஷினி வாசித்துச் சொல்வாள்.

கிருஷ்ணம்மா